லீலா நேர்ந்த நூற்றியொரு வெடி

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து பிரியா என்ற பெண் போன் செய்தாள். புதிதாக வேலையில் சேர்ந்தவள். குற்றவாளிகளைப் பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க இப்போது கணினியில் ஒரு படிவம் வந்திருக்கிறதாம். வயது, படிப்பு, குடிப்பழக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டால், அந்த ஆள் திரும்பவும் யாரையாவது அடிப்பானா மாட்டானா என்று அதுவே சொல்லிவிடுமாம். அதில் 'முன்னாள் ராணுவத்தினரா?' என்று ஒரு கேள்வி. ஆம் என்றால் கூட்டிப் போடுவதா, குறைத்துப் போடுவதா என்று அலுவலகத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை. பட்டாளத்தில் ஒழுக்கம் படித்தவன், குறை என்கிறது ஒரு கட்சி. துப்பாக்கி பிடித்த கை சும்மா இருக்குமா, கூட்டு என்கிறது இன்னொரு கட்சி. நான் சொல்லத் தொடங்கினேன். அவளுக்குக் காது சூடாகிவிட்டது. எழுதியே தந்துவிடுங்கள் மேடம் என்று கேட்டு போனை வைத்தாள்.

என் பெயர் ரோஸ்லெட் பாய். நாகர்கோவிலில் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒருவன் குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, அவனைச் சிறைக்கு அனுப்பலாமா, நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பலாமா என்று நீதிபதி எங்களைக் கேட்பார். நாங்கள் வீட்டைப் பார்த்து, ஊரை விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால் பத்திரக்காலம் முடியும் வரை அவன் எங்கள் மேற்பார்வையில் இருப்பான். நடுவில் கை நீட்டினால் நாங்கள் ஒரு தாள் எழுத வேண்டும். அந்தத் தாள் போனால் அவன் உள்ளே போவான். பயிற்சியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. சென்னையில் சட்டம் படித்தோம், வேலூரில் சிறை பார்த்தோம், இரண்டு இடத்திலும் சாம்பார் மோசம்.

வேலை படித்தது எனக்கு மேலதிகாரியாக இருந்த நல்லபெருமாள் சாரிடம். ஆயுள் முழுக்க அறிக்கை எழுதியதால் அவர் பேச்சும் அறிக்கையாகவே ஆகியிருந்தது. வீட்டம்மாவை 'மேற்படியாள்' என்பார். "மேற்படியாள் இன்று இட்லி வழங்கியுள்ளார், சட்னி குறித்து விசாரணை நிலுவையில் உள்ளது" என்பார், முகத்தில் சிரிப்பின் அடையாளமே இருக்காது. சிரித்தவர்களை முறைப்பார். ஆனால் தொழிலில் மனுஷனுக்கு நாலு கண்.

விசாரணைக்குப் போகிற வீட்டில் ஆளைக் கேட்காதே, தண்ணீர் கேள் என்பது அவர் முதல் பாடம். தண்ணீர் எடுக்க வீட்டுக்காரி அடுக்களைக்குப் போவாள், பேசிக்கொண்டே பின்னால் போய்விடு. பாத்திரங்களைப் பார். கீழே விழுந்த சட்டி அடியில் நசுங்கும், எறிந்த சட்டி பக்கத்தில் நசுங்கும். அடுத்து தாழ்ப்பாள். அடி வாங்குகிற பெண் படுக்கிற அறையில் உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் இருக்கும். கடைசியில் அக்கம்பக்கம். 'ஆள் எப்படி?' என்று கேட்டால் ஊரே நல்லவன் என்று சொல்லும், செத்த வீட்டில் சொல்வதைப் போல. அதனால் வேறு மாதிரிக் கேட்க வேண்டும். கல்யாணக் கடிதம் கொடுக்கப் போனால் அந்த வீட்டில் எங்கே நின்று கூப்பிடுவீர்கள்? நடையில் நின்று என்றால் பயமில்லை. வேலிக் கதவான படலையில் நின்று என்றால் கொஞ்சம் யோசி. ரோட்டில் நின்று என்றால் அறிக்கையை நிதானமாக எழுது.

பிரியா கேட்ட கேள்விக்கு இந்த மாவட்டத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. வீதிக்கு ஒரு மிலிட்டரிக்காரர் உண்டு. என் மாமனாரே சண்டை பார்த்தவர். கோழி அறுக்கிற நாளில் அவர் தக்கலைக்கு பஸ் ஏறிவிடுவார், குழம்பு கொதித்த பிறகுதான் திரும்புவார். அதே காலத்தில் எனக்கு ஒரு கேஸ் வந்தது. மனைவியின் கையை முறித்த ஒருவர் பதக்கம் குத்திய சட்டையோடு வந்து, போரில் பார்த்ததெல்லாம் கண்ணுக்குள் நிற்கிறது, என்னை அறியாமல் கை நீண்டுவிடுகிறது என்று அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பிறகு விசாரித்தால், ஆள் பட்டாளத்தில் சமையற்காரர். அவர் கேட்ட பெரிய சத்தம் குக்கர் விசில்தான். அவருடைய மனைவியிடம் பேசினேன்.

"பட்டாளத்துக்குப் போறதுக்கு முந்தியே அடிப்பாரு மேடம். லீவுல வந்தாலும் அடிப்பாரு. அவரு அங்க இருந்த நாளுதான் எனக்கு ரெஸ்ட்டு" என்றாள்.

அந்த ஆள் தன் மேலதிகாரியை ஒரு நாளும் அறியாமல் அடித்ததில்லை. அதை அப்படியே எழுதினேன். உள்ளே போனார்.

அதனால் சுயம்புலிங்கத்தின் கேஸ் வந்தபோது நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் போனேன். மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். அவர் ஓய்வு பெற்ற ஹவில்தார். அந்த ஊர் அம்மன் கோயிலில் கொடியேற்று. எங்கள் பக்கத்துக் கோயில்களில் வெடி வழிபாடு உண்டு. பணம் கட்டினால் மைக்கில் நம் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, இரும்புக் குழலில் மருந்து இடித்து நிறைத்த கதினாவுக்குத் தீ வைப்பார்கள். ஒன்று போட்டால் மூன்று வீட்டு ஓடு அதிரும். சுயம்புலிங்கம் வழக்கமாகத் திருவிழா நாட்களில் ஊரில் இருக்க மாட்டார். அந்த வருஷம் பஞ்சாங்கம் பார்த்துக் கொடியேற்றை ஒரு நாள் முன்னால் தள்ளியிருந்தார்கள், அவருக்கு யாரும் சொல்லவில்லை. கால்வாய்க்கரைச் சாயாக்கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

முதல் வெடி கேட்டதும் கடையில் இருந்த அத்தனை பேரையும் இரண்டு கையாலும் வாரிக் கால்வாய்க்குள் தள்ளித் தானும் மேலே விழுந்திருக்கிறார். கீழே கிடக்கச் சொல்லி 'நீச்சே, நீச்சே' என்று இந்தியில் அதட்டல். மற்றவர்கள் பயத்தில் அப்படியே கிடந்தார்கள். செல்லப்பன் மெம்பர் மட்டும், வார்டு உறுப்பினர் என்ற மரியாதை ஒன்று இருக்கிறதே, எழும்பப் பார்த்தார். எழும்பிய தலையில் ஓர் அறை விழுந்தது. முதுகில் முட்டுக்கால் ஏறியது. தோள் எலும்பு முறிந்தது.

சாட்சிகளைப் பார்க்கப் போனால் அது வேறு கூத்து. கால்வாயில் விழுந்தவர்களில் பாதிப் பேருக்குச் சுயம்புலிங்கத்தின் மேல் கோபமே இல்லை. நிஜமான குண்டாக இருந்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம் அல்லவா என்று ஒருவர் என்னையே கேட்டார். செல்லப்பன் மெம்பர் மாவுக்கட்டோடு உட்கார்ந்து, அடித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் என்றார். மற்றவர்களையெல்லாம் தண்ணீர் தெளிந்த பக்கம் தள்ளிவிட்டுத் தன்னை மட்டும் சாக்கடை வந்து சேருகிற பக்கம் தள்ளியதுதான் அவருக்கு ஆறவில்லை.

கல்யாணக் கடிதக் கேள்வியைக் கேட்டேன். ஊர் முழுக்க ஒரே பதில், ரோட்டில் நின்று. அதுவும் சட்டென்று கூப்பிட மாட்டார்களாம். தூரத்திலிருந்தே பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்களாம், ஆள் வருவது தெரியட்டும் என்று. தபால்காரருக்கு பக்திப் பாட்டு. மீன்காரி அந்த வீட்டுப் பக்கம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்கிற மாதிரி 'மீனு' என்பாளாம். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டுதான் போனேன். சுயம்புலிங்கம் வெளியே வந்து, பாட்டு முடிகிற வரை அட்டென்ஷனில் நின்றார்.

தண்ணீர் கேட்டேன். அவர் மனைவி லீலா அடுக்களைக்குப் போனாள், நானும் பின்னால் போனேன். நசுங்கிய பாத்திரம் ஒன்றுகூட இல்லை. நசுங்குவதற்குப் பாத்திரமே இல்லை. டம்ளர், தட்டு, செம்பு எல்லாம் பிளாஸ்டிக். குக்கர் கிடையாது, சோறு மண் சட்டியில். கதவு நிலைகளில் பழந்துணி ஒட்டியிருந்தது. முற்றத்தில் ஒரு தென்னையின் அடிக்கட்டை மட்டும் நின்றது. ஓட்டில் தேங்காய் விழுந்தால் சத்தம் கேட்கும் என்று வெட்டியிருக்கிறார்கள். காய்க்கிற தென்னையை வெட்டினார்கள் என்றால் எங்கள் ஊரில் கொலை நடந்தது என்று சொன்னதற்குச் சமம்.

தாழ்ப்பாளும் இருந்தது. புதுசுதான், ஆனால் வெளிப்பக்கம், அதுவும் சுயம்புலிங்கம் படுக்கிற அறைக்கு. யார் போட்டது என்றேன். "அவிய தான்" என்றாள் லீலா. ராத்திரி தன்னை உள்ளே வைத்துப் பூட்டச் சொல்வாராம். காலையில் கதவைத் திறந்து, வாசலில் நின்றபடியே தேங்காய் பறிக்கிற துரட்டியின் அடிக்கம்பால் அவர் உள்ளங்காலைத் தொட்டு எழுப்புவாளாம். பக்கத்தில் போய்த் தொட்டு எழுப்பியது முன்னொரு காலம். அப்படி ஒரு நாள் எழுப்பியபோது அவர் கண்ணைத் திறக்காமலே அவள் கழுத்தைப் பிடித்துவிட்டார். வீட்டுக்கு வந்திருந்த அவள் தங்கச்சி ஓடிவந்து பிடித்து விலக்கியிராவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

"அவிய புடிச்சது என்ன இல்ல மேடம்" என்றாள். "வேற யாரயோ. எனக்க கழுத்து அங்க இருந்து போச்சு, அவ்வளவுதான்."

அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. கழுத்து யாருடையது என்று கைக்குத் தெரியாது என்பதால் கழுத்துக்கு வலிக்காமல் போகுமா? அதையும் அவளிடம் சொன்னேன். அவள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு எனக்கு இன்னொரு பிளாஸ்டிக் டம்ளர் தண்ணீர் தந்தாள்.

சுயம்புலிங்கத்தைத் தனியாக உட்கார வைத்துப் பேசினேன். சிறையிலிருந்து தப்பிக்க ஆயிரம் காரணம் சொன்னவர்களைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். இவர் எதிர்ப்பக்கம் போனார்.

"என்ன உள்ள போட்டுருங்க மேடம். அங்க லீலா கெடயாதுல்லா. அது போதும்."

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். நான் சிறை பார்த்தவள். விடியற்காலையில் எத்தனை தட்டு, எத்தனை கதவு, எத்தனை விசில் என்று எனக்குத் தெரியும். அங்கே தூங்குகிற இவரை எவனாவது தொட்டு எழுப்பினால் ஒரு பிணம் விழும். வீட்டுக்கு அனுப்பினாலோ, விழுகிற பிணம் லீலாவாக இருக்கலாம். விடுவிக்கலாம் என்றுதான் கடைசியில் எழுதினேன். அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரிடம் தவறாமல் போக வேண்டும். சாராயம் தொடக்கூடாது. தனி அறை, வெளித்தாழ்ப்பாள். லீலா எப்போது வேண்டுமானாலும் தங்கச்சி வீட்டுக்குப் போகலாம், யாரும் தடுக்கக் கூடாது. என் போன் நம்பர் அவள் கையில் இருக்க வேண்டும்.

நல்லபெருமாள் சார் அறிக்கையை இரண்டு முறை படித்தார். "மேற்படியாரை விட்டால் மேற்படியாள் பிழைப்பாளா?" என்றார். தெரியாது சார் என்றேன். "அப்படியானால் தெரியாது என்று எழுது. நீதிபதிக்கும் தெரியட்டும்" என்றார். எழுதினேன். நீதிபதி அந்த வரியை வாய்விட்டுப் படித்துவிட்டு, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

மருத்துவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து இளைஞர். மாத்திரை கொடுத்தார், அதைவிட அதிகம் பேச வைத்தார். சண்டையில் இருந்து வந்தவர்கள் எல்லோரும் அடிப்பதில்லை, அடிக்கிறவர்கள் எல்லோரும் சண்டையால் அடிப்பதில்லை, இவருக்கு மட்டும் உடம்பு இன்னும் ஊர் திரும்பவில்லை என்று எனக்கு விளக்கினார். மாதங்கள் போயின. உடம்பு மெல்ல மெல்லத் திரும்பியது. ஒரு தடவை போனபோது நடையில் நின்று கூப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வந்தது. பிறகு ஒரு நாள் அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. சுயம்புலிங்கம் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்து, மூச்சை எண்ணி விட்டு, "பருப்பு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் லீலா பாயசம் தந்து அந்தச் சந்தோஷச் செய்தியைச் சொன்னாள். புருஷனுக்குப் பயம் தெளிந்தால் அம்மனுக்கு நூற்றியொரு வெடி போடுவதாக நேர்ந்திருந்தாளாம். இப்போது தெளிந்துவிட்டது. அம்மன் கொடைத் திருவிழா வருகிறது. அவரைச் சன்னதியில் நிறுத்தி, மைக்கில் பெயர் சொல்லி, நூற்றியொன்றையும் வரிசையாக வெடிக்க வேண்டும். நான் பாயசத்தைக் கீழே வைத்தேன்.

யோசித்துப் பாருங்கள். ஆளுக்குக் குணமாகக் குணமாக வெடி பக்கத்தில் வருகிறது. குணமாகாமல் இருந்தால் வெடி கிடையாது. வேண்டாம் என்றால் அம்மன் கோபிப்பாள், நோய் திரும்பும் என்று லீலா பயப்படுகிறாள். வேண்டும் என்றால் நோய் திரும்பும் என்று நான் பயப்படுகிறேன். அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவரைத் தொட்டுவிட்டால் போதும், அந்தத் தாளை என் கையால் நான் எழுத வேண்டும்.

மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். எதற்காக வெடி என்றார். பயம் தெளிய என்றேன். எத்தனை என்றார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நூற்றியொன்று முடியவே முடியாது, ஒன்று என்றால், அதுவும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்து, அவரே சம்மதித்தால் யோசிக்கலாம் என்றார். நல்லபெருமாள் சார் மேலே பார்த்துவிட்டு, "மேற்படி அம்மன் நமது மேற்பார்வையில் இல்லை" என்றார்.

ஆகவே நான் கோயில் கமிட்டிக்குப் போனேன். ஒரு சி.எஸ்.ஐ. சபைக்காரி அம்மன் கோயில் வெடியைக் குறைக்கச் சொல்லிப் போவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பயந்துதான் போனேன். அவர்கள் மரியாதையாக நாற்காலி போட்டார்கள். கமிட்டிச் செயலாளர் யாரென்று பார்த்தால் செல்லப்பன் மெம்பர். லீலாவும் சுயம்புலிங்கமும் ஓரமாக நின்றார்கள். வெடிக்குப் பதில் பாயசம் வழங்கலாமா என்றார் பூசை செய்கிற போற்றி. அம்மையிடம் வெடி என்று சொல்லிவிட்டுப் பாயசம் கொடுத்தால் அது ஏமாற்று இல்லையா என்று லீலா கேட்டாள். மருந்தை நனைத்து நிறைத்தால் புஸ்ஸென்று போய்விடும் என்றார் ஒருவர். வெடிச் சத்தத்தைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் மெதுவாகப் போடலாம் என்றார் இன்னொருவர். அம்மனுக்கு அது தெரியாதா என்று சண்டை வந்தது. கடைசியில் செல்லப்பன்தான், நூற்றியொன்று என்று நேர்ந்தாய் சரி, ஒரே நாளில் என்று நேர்ந்தாயா என்று கேட்டார். லீலா யோசித்து, எந்த நாள் என்று நான் சொல்லவில்லையே என்றாள். செவ்வாய்க்கிழமைக்கு ஒன்று என்று முடிவானது. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அப்போது சுயம்புலிங்கம் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தார்.

"தீ நான் வைக்கேன்" என்றார். "ஆனா, நான் சொன்னதும் எல்லாரும் படுக்கணும்."

எதற்கு என்றார் செல்லப்பன், கை தானாகத் தோளுக்குப் போனது. சுயம்புலிங்கம் அவரைப் பார்த்தே சொன்னார். வடக்கே மலையில் ஓர் இடம். அவருக்குக் கீழே சில பையன்கள். தினமும் பயிற்சிக்காக அவர் 'படு' என்று கத்துவார், அவர்கள் சிரித்துக்கொண்டே படுப்பார்கள். ஒரு நாள் நிஜமாகவே கத்தினார். சார் இன்னைக்கும் விளையாடுகிறார் என்று நாலு பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"நாலு பேரும் பிறகு எழும்பல்ல" என்றார்.

செல்லப்பன் தோளிலிருந்து கையை எடுத்து, "படுக்கலாம் வே" என்றார்.

முதல் செவ்வாய்க்கிழமை ஊரில் பாதி வந்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் செல்லப்பன் விடவில்லை. படுக்கிறவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று வாசலில் நின்று சொன்னார். போற்றி மைக்கில், 'சுயம்புலிங்கம், ஆயில்யம் நட்சத்திரம், வெடி ஒன்று' என்றார். வெடிக்காரர் நீளக்கம்பில் தீயைப் பற்றவைத்துச் சுயம்புலிங்கத்தின் கையில் கொடுத்துவிட்டு முதல் ஆளாகப் படுத்தார். "படுங்க" என்றது அதிகாரமான ஒரு குரல். அந்தக் குரலை அவரிடம் நான் அதுவரை கேட்டதே இல்லை. கமிட்டித் தலைவர் படுத்தார், போற்றி பூணூலைச் சரிசெய்துகொண்டு படுத்தார், செல்லப்பன் துண்டை விரித்துப் படுத்தார், மீன்காரி கூடையைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தாள், லீலா படுத்தாள். பட்டுப்புடவையோடு நானும் மண்ணில் குப்புறப் படுத்தேன். சுயம்புலிங்கம் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எட்டிப் பார்த்த ஒரு தலையை, "நீச்சே" என்று அமைதியாகச் சொல்லித் தாழ்த்தினார். பிறகு தீ வைத்தார்.

பூமி ஒரு தடவை குலுங்கியது. புகையில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது திரும்பி யார் கழுத்தையாவது பிடிக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடி ஜெபித்தேன். எந்தக் கோயிலில் படுத்து எந்த ஜெபம் சொல்கிறேன் என்ற நினைவே இல்லை. காலடிச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். சுயம்புலிங்கம் ஒவ்வொருவராகப் போய், முதுகில் கையால் தொட்டு, "எழும்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தொட்டவர்கள் எழும்பினார்கள். போற்றி எழும்பினார். செல்லப்பன் எழும்பினார். என் முதுகில் ஒரு கை பட்டது, நானும் எழும்பினேன். கடைசியாக லீலாவைத் தொட்டார். அவள் மண்ணைத் தட்டிவிட்டு எழும்பி நின்றாள்.

"எல்லாரும் எழும்பியாச்சா மேடம்?" என்று என்னைக் கேட்டார். சுற்றிப் பார்த்து, எழும்பியாச்சு என்றேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டபோது செல்லப்பன் முன்னால் வந்தார்.

"எழும்பியாச்சு வே. ஒருத்தன் கொறயல்ல. நீரு இனி இரியும்."

சுயம்புலிங்கம் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். லீலா பக்கத்தில் போய் அவர் தோளில் கையை வைத்து நின்றாள். வெயில் ஏறியது. வயதானவர்களுக்குக் கால் கடுத்தது. மீன் கெட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அவர் அழுது முடிக்கிற வரைக்கும் அந்த முற்றத்தில் நாங்கள் ஒருவரும் உட்காரவில்லை.